மணிக் குறியும் யந்திரத்தின் நினைவும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள தங்கவயலில் 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையில் தங்கம் அகழத் தொடங்கினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிற்று. தங்கத்தின் வரலாறும் தொழிலாளர் வரலாறும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. இக்கட்டுரையின் பொருள் வேறு. ஆழ்ந்த சுரங்கமொன்றில் தவிர்க்க முடியாதனவாகிய சில சாதனங்களை உற்று நோக்கினால், கணக்கிடும் யந்திரங்களைப் பற்றிய இன்றைய கொள்கையின் அடிப்படை முழுவதும் அவற்றில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

ஷாப்ட் என்று சுரங்கத்தார் வழங்கும் செங்குத்துக் கிணற்றில் எஃகு வடத்தின் நுனியில் ஒரு கூண்டு தொங்குகிறது. வடத்தின் மறு நுனி தரைமேல் உள்ள பெரிய உருளையில் சுற்றப்பட்டிருக்கிறது. உருளையைச் சுழற்றுபவர் எஞ்ஜின் ஓட்டுநர். கூண்டையோ அதில் ஏறும் மனிதரையோ அவர் காண்பதில்லை. கூண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஒரு முள் காட்டும். அதை ஏற்ற வேண்டுமா, இறக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதை அறிவிப்பது மணி ஒலி ஒன்றே.

பிரித்தானிய மரபில் வழங்கிய மணிக் குறிகள் மிகச் சிலவே. ஒரு மணி அடித்தால் கூண்டை ஏற்ற வேண்டும். இரண்டு மணிக்கு இறக்க வேண்டும். மூன்று மணி, ஆட்கள் ஏறப் போகின்றனர் என்பதற்கு அறிகுறி. ஓடிக்கொண்டிருக்கும் கூண்டை நிறுத்துவதற்கோ எனில், அதற்கும் ஒரே மணிதான். இங்கேதான் கருத்தைச் செலுத்த வேண்டும். ஒரு மணி என்பது நிற்கும் கூண்டுக்கு 'ஏறு' என்றும், ஓடும் கூண்டுக்கு 'நில்' என்றும் பொருள்படுகிறது. மூன்று மணிக்குப் பின்னர் அதே ஒரு மணி, 'ஆட்களுடன், வேகத்தைக் குறைத்து ஏறு' என்று மூன்றாவதொரு பொருளையும் பெறுகிறது. ஒலியில் வேறுபாடு இல்லை. கேட்பவரின் உள்ளத்தில் முன் நிகழ்ந்தது பதிந்திருப்பதே வேறுபாட்டிற்குக் காரணம். அப்பதிவு தவறினால் விளைவு என்ன என்பதைச் சுரங்கத் தொழிலாளர் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

ஓட்டுநர் எவ்வளவு நினைவு வைத்திருக்க வேண்டும்? காலை முதல் அடிக்கப்பட்ட மணிகள் அனைத்தையும் நினைவில் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. சற்று எளிமைப்படுத்திக் கூறினால் ஆறே நிலைகள் போதும்: நிற்றல், ஆட்கள் ஏறுவதற்காக நிற்றல், ஏறுதல், இறங்குதல், ஆளுடன் ஏறுதல், ஆளுடன் இறங்குதல். ஒவ்வொரு கணத்திலும் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அவர் இருக்கிறார். நிற்றல் நிலையில் ஒரு மணி கேட்டால் ஏறுதலுக்கும், இரண்டு கேட்டால் இறங்குதலுக்கும், மூன்று கேட்டால் ஆட்களுக்காக நிற்றலுக்கும் மாறுகிறார். ஆட்களுக்காக நிற்கையில் ஒரு மணி அவரை ஆளுடன் ஏறுதலுக்கும், இரண்டு மணி ஆளுடன் இறங்குதலுக்கும் கொண்டு செல்கின்றன; மீண்டும் மூன்று மணி கேட்டால் மாற்றமில்லை. கூண்டு ஓடுகையில் எந்த மணி கேட்டாலும் நிறுத்திவிடுவது பாதுகாப்பு. ஆகவே ஓடும் நான்கு நிலைகளிலிருந்தும் எக்குறி வந்தாலும் நிற்றலுக்குத் திரும்புகிறார் எனக் கொள்க. ஆறு நிலைகள், மூன்று குறிகள். ஆக 18 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல். இப்பட்டியலை ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்தால் ஓட்டுநரின் முடிவுகளை அதுவே செய்துவிடும். கணித நூல்கள் இதற்கு வரம்புடைத் தானியங்கி என்று பெயரிடுகின்றன.

இக்கருத்து சுரங்கத்திலிருந்து தோன்றியதன்று. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கல்லக் என்னும் மருத்துவ அறிஞரும், பிட்ஸ் என்னும் இளைஞரும் மூளையின் நரம்புகளைத் தர்க்கச் சாதனங்களாகக் கருதி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவ்வகை வலைகள் எவ்வெக்குறித் தொடர்களை இனங்காண வல்லவை என்ற கேள்வியைக் க்ளீனி என்னும் கணித அறிஞர் ஆராய்ந்து, 1956-இல் அச்சான கட்டுரையில் திட்டமான விடை அளித்தார். 1959-இல் ரேபின், ஸ்காட் ஆகிய இருவரும் அதனைச் செப்பமுற வகுத்தனர். அதற்குள் தொலைபேசி நிலையங்களின் ரிலே இணைப்புகளை அமைத்தவர்களும் வேறு வழியாக இதே பட்டியலை வந்தடைந்திருந்தனர்.

மொழி நூலாரும் இப்பாதையில் வந்து சேர்ந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மணிக் குறிகளை எழுத்துக்கள் எனக் கொண்டால், ஒரு பணிவேளையில் அடிக்கப்பட்ட மணிகளின் வரிசை ஒரு வாக்கியமாகும். 'மூன்று, ஒன்று, ஒன்று' என்பது முறையான வாக்கியம்: ஆட்கள் ஏறினர், கூண்டு உயர்ந்தது, நின்றது. 'மூன்று, ஒன்று, ஒன்று, இரண்டு' என்பது முடிவு பெறாதது. கூண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இத்தகைய முறையான வாக்கியங்கள் அனைத்தின் தொகுதியே கணிதப் பொருளில் 'மொழி' எனப்படுவது. அதனை உண்டாக்கும் விதிகளின் தொகுதி இலக்கணம். 'நிற்றல் என்பதை, இரண்டு மணியும் அதன்பின் இறங்குதலும் என எழுதலாம். இறங்குதல் என்பதை, ஒரு மணியும் அதன்பின் நிற்றலும் என எழுதலாம். நிற்றல் என்பதை வெறுமையாகவும் விடலாம்' என்னும் விதிகள், பட்டியலின் ஒரு பகுதியை அப்படியே மாற்றி எழுதியவையே. சூத்திரங்களால் ஒரு மொழியின் சொற்களை எல்லாம் பிறப்பித்துக் காட்டும் வழக்கத்தைப் பாணினியின் நூல் வழியாக நம் நாடு நெடுங்காலமாக அறியும். 1956-இல் சாம்ஸ்கி என்னும் அமெரிக்க மொழியறிஞர் விதிகளின் வடிவத்தைக் கொண்டு இலக்கணங்களைத் தரம் பிரித்தார். அவற்றுள் கடைசித் தரமான மிக எளிய இலக்கணங்கள் வரம்புடைத் தானியங்கிகளுக்கு முற்றிலும் இணையானவை என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஒருபுறம் விதி, மறுபுறம் யந்திரம். இரண்டும் கூறுவது ஒன்றே.

தங்கவயலில் இதைவிடவும் எளிய ஒரு சாதனம் வேறொரு பணிக்கு உதவிற்று. 1950-களின் தொடக்கத்திலிருந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சுரங்கத்தின் ஆழத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து வந்தனர். மேலே கிடக்கும் பாறை, வானிலிருந்து வரும் துகள்களை வடிகட்டிவிடும். நியூட்ரினோ என்னும் துகள் மட்டும் பாறையைப் பொருட்படுத்தாது ஊடுருவும். அரிதாக ஒன்று பாறையில் மோதி, மின்னூட்டமுள்ள மியூவான் துகளைத் தோற்றுவிக்கும். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளாலான இரு சுவர்களை எதிரெதிரே நிறுத்தி, இடையில் நியான் ஒளிக்குழாய்களை அடுக்கி, அந்த மியூவானுக்காக விஞ்ஞானிகள் காத்திருந்தனர். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகமும் இம்முயற்சியில் பங்கு கொண்டன. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளத்தை இக்குழுவினர் 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அறிவித்தனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் பணியாற்றிய ரைன்ஸ் குழுவினரின் அறிக்கை சுமார் இரண்டு வாரங்களுக்குப் பின் வெளிவந்தது.

பலகையின் ஒளியை மின்துடிப்பாக மாற்றும் குழாய்கள், ஒளி ஏதும் இல்லாத போதும் வீண் துடிப்புக்களை உண்டாக்கும் இயல்புடையவை. வாரக் கணக்கில் ஒருமுறை வரும் உண்மைத் துடிப்பை அவற்றிலிருந்து பிரிப்பது எப்படி? இதற்கு விடை உடன்நிகழ்வுச் சுற்று. 1924-இல் ஜெர்மனியில் போத்தே கையாண்ட இம்முறையை, 1930-இல் இத்தாலிய விஞ்ஞானி ரோசி எலக்ட்ரான் குழாய்களைக் கொண்டு செம்மைப்படுத்தினார். இரு சுவர்களும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டுமே சுற்று விடையளிக்கும். ஒரு கணக்கு இதன் ஆற்றலை விளக்கும். ஒவ்வொரு குழாயும் விநாடிக்கு 1,000 வீண் துடிப்புக்கள் தருவதாகவும், விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பகுதிக்குள் விழும் துடிப்புக்களைச் சுற்று 'ஒரே கணம்' என்று ஏற்பதாகவும் கொள்க. இரண்டு குழாய்கள் தற்செயலாக ஒத்துத் துடிப்பது விநாடிக்கு 2 முறை நிகழும். நான்கு குழாய்கள் அவ்வாறு ஒத்துத் துடிப்பதோ ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு ஒருமுறையே.

தர்க்க முறையில் இச்சுற்று 'இதுவும் அதுவும்' என்னும் இணைப்பே. சென்ற விநாடியில் நிகழ்ந்தது எதுவும் அதற்குத் தெரியாது. தானியங்கிகளின் வரிசையில் அது ஒரே நிலை உடையது, அதாவது நினைவே அற்றது. அப்பணிக்கு நினைவு வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு. அச்சுற்றிடம் மணிக் குறியை ஒப்படைத்தால், ஒரு மணிக்கு 'ஏறு' என்பதா 'நில்' என்பதா என்று அதற்கு எப்போதும் விளங்காது.

எவ்வளவு நினைவு இருந்தால் எந்தப் பணி இயலும் என்பதே தானியங்கிக் கொள்கையின் உயிர்நாடி. ஆறு நிலைகளை ஆறாயிரம் ஆக்கினால் எல்லாப் பணிகளும் இயலுமா? இயலாது. இதற்கும் சுரங்கமே எடுத்துக்காட்டுத் தரும்.

பணிவேளை தொடங்கும்போது ஆட்கள் ஒவ்வொருவராக இறங்குகின்றனர், முடியும்போது ஏறுகின்றனர். இறங்கியவர் அனைவரும் ஏறிவிட்டனரா என்பதை அறிவிக்க ஒரு தானியங்கி வேண்டும். அதற்கு ஆறு நிலைகள் உள்ளன எனக் கொள்க. ஒருவரும் இறங்காத போதும், ஒருவர், இருவர் என ஆறு பேர் வரை இறங்கிய பின்பும் அது எந்தெந்த நிலையில் இருக்கும் எனக் குறித்து வந்தால், எண்ணிக்கைகள் ஏழு, நிலைகளோ ஆறு. ஆகவே இரு வேறு எண்ணிக்கைகளுக்கு அது ஒரே நிலையில் இருந்தே தீர வேண்டும். அவை 2-உம் 5-உம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் இறங்கி இரண்டு பேர் ஏறியதும் அது 'சுரங்கம் காலி' என்று சரியாக அறிவிக்கும். ஐந்து பேர் இறங்கி இரண்டு பேர் ஏறிய போதும் அதே அறிவிப்பைத்தான் செய்யும். மூன்று பேர் அடியில் நிற்கின்றனர். நிலைகளை ஆறாயிரம் ஆக்கினாலும் இவ்வாதம் மாறாது. தவறு நேரும் எண்ணிக்கை மட்டும் தள்ளிப் போகும். எல்லையில்லாத எண்ணிக்கையை வரம்புடைய நினைவால் எண்ண இயலாது.

ஆயிரம் பேர் மட்டுமே பணிபுரியும் சுரங்கத்திற்கு 1,001 நிலைகள் போதுமே என்று ஒருவர் மறுக்கலாம். அது உண்மையே. ஆனால் ஒவ்வொரு சுரங்கத்திற்கும் அதன் அளவுக்கேற்ப வேறொரு பட்டியல் எழுத வேண்டியிருக்கும். நடைமுறையில் சுரங்கங்கள் மேற்கொண்ட வழி வேறு: இறங்குபவர் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட உலோக வில்லை ஒன்று தரப்படும், அவர் திரும்பும்வரை பலகையின் ஆணி வெறுமையாக இருக்கும். காவலரின் மூளைக்கு உள்ளே இருக்க வேண்டிய நினைவு பலகைக்கு மாற்றப்படுகிறது. ஆள் பெருகினால் ஆணியைக் கூட்டிக்கொள்ளலாம். எத்தனை பேர் என்பதோடு எவர் என்பதையும் பலகை சொல்லும்.

வெளியே நினைவைச் சேர்த்துக்கொள்ளும் யந்திரங்களே அடுத்த தரம். அவற்றுள் எளியது அடுக்கு நினைவு. ஒரு முனை அடைபட்ட தண்டவாளக் கிளையில் சுரங்க வண்டிகளைத் தள்ளிவைப்பதை நினைவுகூர்ந்தால் இது தெளிவாகும்: கடைசியாக நுழைந்த வண்டிதான் முதலில் வெளிவரும். கணிதத்தில் அடைப்புக் குறிகள் சரியாகப் பொருந்துகின்றனவா எனச் சோதிக்க இதுவே போதும். திறக்கும் குறி வரும்போது ஒரு வண்டியைத் தள்ளி, மூடும் குறி வரும்போது ஒன்றை வெளியே இழுத்து, இறுதியில் கிளை காலியாக இருந்தால் கோவை சரியானது. இதற்கு இணையான இலக்கண விதியும் சுருக்கமானதே: 'முறையான தொடர் என்பது வெறுமையாகலாம், அல்லது ஓர் இறக்கம், ஒரு முறையான தொடர், ஓர் ஏற்றம், மற்றுமொரு முறையான தொடர் என இவ்வரிசையில் அமையலாம்.' தன்னைத் தன்னாலேயே விளக்கும் இவ்விதி சாம்ஸ்கியின் வரிசையில் ஒரு படி உயர்ந்த தரத்தைச் சேர்ந்தது. இன்று கணிப்பொறிகளுக்கு எழுதப்படும் மொழிகளின் இலக்கணம் பெரும்பாலும் இத்தரத்தில் அமைந்ததே.

இத்துறையில் தமிழகத்திற்கும் ஒரு பங்கு உண்டு. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தங்கவயலுக்குக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் வாயில்களில் இட்ட புள்ளிக் கோலத்தை ஒரு 'வாக்கியமாக' நோக்கியவர்கள், சென்னையை அடுத்த தாம்பரத்திலுள்ள கிறிஸ்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், அவர்களுடன் ஆராய்ந்த கமலா கிருதிவாசனும் ஆவர். வாக்கியம் ஒரே திசையில் நீள்வது. கோலமோ அகலத்திலும் உயரத்திலும் வளர்வது. ஆகவே முதலில் ஓர் இலக்கணத்தால் கிடைவரிசை ஒன்றைப் பிறப்பித்து, பின்னர் அதன் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கி வளர்க்கும் இரு கட்ட விதிகளை 1972-இல் இவர்கள் வகுத்தனர். 1974-இல் வெளிவந்த கட்டுரையில் கோலங்களையே நேரடியாக எடுத்துக்கொண்டனர். இங்கும் பழைய கேள்வி திரும்பி வருகிறது. வரிசைகளும் நிரல்களும் சம எண்ணிக்கையில் அமைய வேண்டிய சதுரப் புள்ளிக் கோலத்தை, ஒன்றையொன்று அறியாத எளிய விதிகளால் தவறாது பிறப்பிக்க முடிவதில்லை. கோலமிடும் பெண்மணி விரலால் புள்ளிகளை எண்ணுகிறார். விதியும் எப்படியாவது எண்ணியாக வேண்டும்.

நினைவுக்கு எந்தத் தடையும் இல்லாத யந்திரத்தை 1936-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங் கருத்தளவில் வகுத்துவிட்டார். வேண்டிய அளவு நீளும் ஒரு நாடா. அதில் ஒவ்வொரு கட்டமாக முன்னும் பின்னும் நகர்ந்து, படித்தும் அழித்தும் எழுதியும் செல்லும் ஒரு தலைப்பு. அதனை இயக்க மணிக் குறிப் பட்டியலைப் போன்ற ஒரு சிறு பட்டியல். விதிமுறைப்படி கணக்கிடத்தக்கது எதுவோ அதனையெல்லாம் இவ்யந்திரத்தால் கணக்கிட முடியும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கை.

ஆயினும் அந்தக் கட்டுரையிலேயே டூரிங் அதன் விலையையும் கூறிவிட்டார். இத்தகைய யந்திரங்களைப் பற்றிய சில கேள்விகளுக்கு, எல்லா யந்திரங்களுக்கும் பொருந்துமாறு விடை காணும் பொதுமுறை இருக்கவே முடியாது. ஓட விடப்பட்ட யந்திரம் எப்போதேனும் நிற்குமா என்பது அவற்றுள் ஒன்று. இன்றைய நூல்கள் அதனை இவ்வாறு விளக்குகின்றன. எந்த யந்திரத்தின் விவரக் குறிப்பைக் கொடுத்தாலும் அது நிற்குமா எனப் பிழையின்றிச் சொல்லும் சோதனை யந்திரம் ஒன்று உண்டு எனக் கொள்க. அதை உள்ளடக்கி மற்றொரு யந்திரம் அமைக்கலாம். அது தன்னிடம் கொடுக்கப்படும் குறிப்புக்குரிய யந்திரத்திடம் அதே குறிப்பைக் கொடுத்தால் நிற்குமா என்று சோதனை யந்திரத்தைக் கேட்கும். 'நிற்கும்' என்று விடை வந்தால் ஓயாது ஓடும். 'நிற்காது' என்று வந்தால் நின்றுவிடும். இதனிடம் இதன் சொந்தக் குறிப்பையே கொடுத்தால், நிற்குமாயின் நிற்காது, நிற்காதாயின் நிற்கும். இம்முரண்பாடு, அவ்வாறான சோதனை யந்திரம் இல்லை என்பதையே காட்டுகிறது.

மனித உயிரைத் தாங்கும் சாதனங்களை அமைப்பவர்களுக்கு இது வெறும் தத்துவம் அன்று. 'இக்கருவி எக்காலத்திலேனும் ஆபத்தான நிலையை அடையுமா?' என்ற கேள்வி 'நிற்குமா?' என்ற கேள்வியைப் போன்றதே. வரம்பற்ற நினைவுள்ள யந்திரங்களுக்கு அதற்குப் பொதுவான விடை கிடையாது. வரம்புடைத் தானியங்கிக்கோ, எல்லா நிலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். மிகப் பெரிய பட்டியல்களையும் கணிப்பொறியைக் கொண்டு இவ்வாறு முற்றச் சோதிக்கும் முறைக்காகக் கிளார்க், எமர்சன், சிபாகிஸ் ஆகிய மூவருக்கு 2007-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு அளிக்கப்பட்டது. எளிய நினைவு ஆற்றலில் குறைந்தது. ஆனால் அதைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது.

மேலே கூறிய மணிக் குறிப் பட்டியலையே இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். கேள்வி இது: கூண்டில் ஆட்கள் இருக்கையில், பாறை ஏற்றும் முழு வேகத்தில் அது ஓடக்கூடுமா? 'மூன்று, ஒன்று' என்ற குறிகளுக்குப் பின் ஆட்களுடன் கூண்டு ஏறுகிறது. நடுவழியில் ஏதோ காரணத்தால் ஒரு மணி அடிக்கப்படுகிறது, கூண்டு நிற்கிறது. பட்டியலின்படி நிலை இப்போது வெறும் 'நிற்றல்'. மீண்டும் ஒரு மணி அடித்தால் 'ஏறுதல்'; 'ஆளுடன் ஏறுதல்' அன்று. ஆட்கள் இன்னும் இறங்கவில்லை. யந்திரமோ அவர்களை மறந்துவிட்டது.

இதனைத் திருத்தப் புதிய நிலையோ புதிய குறியோ தேவையில்லை. ஆளுடன் ஓடும் இரு நிலைகளிலும் எந்த மணி கேட்டாலும், வெறும் நிற்றலுக்குப் பதிலாக, ஆட்களுக்காக நிற்றலுக்குச் செல்ல வேண்டும் என ஆறு இடங்களை மாற்ற வேண்டும். அந்நிலையில் மீண்டும் மூன்று மணி அடித்தால் அனைவரும் இறங்கிவிட்டனர் எனக் கொண்டு நிற்றலுக்குத் திரும்பலாம் என ஏழாவது இடத்தையும் மாற்ற வேண்டும். இப்போது ஆட்கள் சம்பந்தப்பட்ட நிலைகள் மூன்று. அவற்றிற்குரிய இடங்கள் ஒன்பது. ஒன்பதையும் வரிசையாகப் படித்தால், எட்டு இடங்கள் அம்மூன்று நிலைகளுக்குள்ளேயே சுற்றி வருகின்றன. ஒன்பதாவது மட்டும் வெளியே செல்கிறது. அது கூண்டு நிற்கையில், ஆட்கள் இறங்கியதை அறிவிக்கும் மூன்று மணி.